ஃபெரிதூன் உஸ்தாவின் கண்ணாடிக் கூண்டு

ஃபெரிதூன் உஸ்தாவின் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் யாரும் அவரை மறுத்துப் பேசியதில்லை. சவரக்கத்தி தொண்டைக்குழியில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது மனிதனுக்கு எல்லாக் கருத்தும் நியாயமாகத்தான் படும். துருக்கியின் எஸ்கிஷெஹிர் நகரத்தில், கடைத்தெருவிலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கும் சந்தில் அந்தக் கைதேர்ந்த தொழிலாளி, அதாவது உஸ்தா, நடத்திய சலூனில் முப்பது வருடமாக ஒரே ஒரு கருத்துதான் சொல்லப்பட்டு வந்தது. மாடல் விமானத்தைப் பார்க்கிறவன் கண் முதலில் போய் நிற்பது இறக்கையில் இல்லை, சக்கரத்தில் இல்லை. விமானி தலைக்கு மேல் கவிழ்ந்திருக்கும் கண்ணாடிக் கூண்டில். அந்தக் கூண்டின் சட்டங்களுக்கு ஒழுங்காகப் பெயின்ட் அடிக்கத் தெரியாதவன் விமானம் செய்யக் கூடாது.

அவர் வேலை செய்யும் நாற்காலிக்கு எதிரே பெரிய நிலைக்கண்ணாடி. அதற்கு மேல் பலகையில் வரிசையாக அவர் செய்த விமானங்கள். பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர் கண்ணை உயர்த்தினால் ஏதாவது ஒரு போர் விமானத்தின் மூக்கு தன்னைக் குறிவைத்திருப்பதைப் பார்ப்பார். ஊருக்கு வெளியே விமானப்படைத் தளம். அங்கிருந்து ஜெட் கிளம்பிக் கூரைக்கு மேல் போகும்போது உஸ்தா கத்தியைத் தூக்கிக்கொள்வார். சத்தம் அடங்கியதும் எந்த வார்த்தையில் விட்டாரோ அந்த வார்த்தையிலிருந்து தொடர்வார்.

"சவரம் மாதிரிதான் இதுவும்," என்பார். "முடி போகணும், தோல் இருக்கணும். அவ்வளவுதான் விஷயம்."

விஷயம் அவ்வளவு இல்லை என்பது அவர் மனைவி மெலாஹத்துக்குத் தெரியும். கட்டை விரல் நீளமுள்ள பிளாஸ்டிக் கண்ணாடி. அதன்மேல் நூல் பருமனில் மேடாக ஓடும் சட்டங்கள். முழுக் கண்ணாடியின் மேலும் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, பல் குத்தும் குச்சியால் சட்டத்தின் ஓரங்களில் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க டேப்பின் அடியில் சட்டத்தின் விளிம்பு தெரிய வரும். பிறகு புது பிளேடு. கையால் அழுத்தாமல், பிளேடின் எடையாலேயே அந்த விளிம்போடு வெட்டிக்கொண்டு போய், சட்டத்தின் மேலிருக்கும் டேப்பை மட்டும் உரித்தெடுக்க வேண்டும். கண்ணாடி மூடியிருக்கும், சட்டம் திறந்திருக்கும். அதன்மேல் முதலில் உள்பக்கத்து நிறத்தை அடிப்பார், ஏனென்றால் விமானி உள்ளேயிருந்து பார்த்தால் அதுதான் தெரியும். அது காய்ந்த பிறகு வெளிநிறம். பிறகு மிச்ச டேப்பை எடுத்தால் கண்ணாடி கண்ணாடியாகவும் சட்டம் சட்டமாகவும் நிற்கும். பிளேடு கொஞ்சம் ஆழமாக இறங்கினால் கண்ணாடியில் கீறல். கொஞ்சம் மேலாகப் போனால் பெயின்ட் உள்ளே கசியும். இதற்காக மெலாஹத் பல வருடங்களாகச் சமையலறைப் பால்கனியை இழந்திருந்தாள்.

"உள்ளே உட்காரப் போற ஆளு பிளாஸ்டிக் பொம்மை. அவன் பாக்கிற பச்சை நிறத்துக்கு ஒரு நாள் முழுசா போச்சு," என்பாள். "நான் பாக்கிற சமையலறைச் சுவத்துக்கு எப்ப நாள் பாக்கப் போற?"

எதிர்ச்சாரியில் மருந்துக்கடை வைத்திருந்த ஷெவ்கெத் ஊர் மாடல் சங்கத்தின் தலைவர். ஃபெரிதூனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர். அவர் வேறு மார்க்கம். செக் நாட்டிலிருந்து ஒவ்வொரு விமானத்துக்கும் அளவெடுத்து வெட்டியே வரும் டேப் துண்டுகளை வரவழைப்பார். எடுத்து ஒட்ட வேண்டியதுதான். ஃபெரிதூன் அதை மன்னிக்கவே இல்லை.

"நீ பண்றது மாடலா? குழந்தைங்க நோட்டுப் புத்தகத்துல பூப்படம் ஒட்டுமே, அதுடா இது."

"நான் மூணு வாரத்துல ஒண்ணு முடிச்சிடறேன். நீ ஒரு ஜன்னலை முடிக்கிறதுக்குள்ள நெஜ விமானத்தையே பழைய இரும்புக்குப் போட்டுடறாங்க."

"போடட்டும். என்னுது இருக்கும்."

"இருக்கும் இருக்கும். பாதியில இருக்கும்."

வியாழக்கிழமை காலை கர்னல் நுஸ்ரத் சவரத்துக்கு வருவார். ஓய்வு பெற்று ரொம்ப நாளாகியும் முதுகு வளையாத மனிதர். ஒரு வசந்தகாலத்தில், மேலே பலகையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"ஏன் தம்பி, இத்தனை இருக்கு. நான் ஓட்டினது ஒண்ணும் இல்லையே?"

"எது கர்னல் சார்?"

"டி-ஆறு. பயிற்சி விமானம். நான் முதமுதல்ல தனியா பறந்தது அதுலதான். இஸ்மீர்ல. முன்னாடி ஒருத்தன், பின்னாடி ஒருத்தன், மேல நீளமா ஒரு கண்ணாடிக் கூண்டு."

ஃபெரிதூனுக்குக் கை நின்றது. டி-ஆறின் கூண்டு சாதாரணக் கூண்டு இல்லை. பூச்செடிகளுக்குப் போடும் கண்ணாடி வீடு மாதிரி, குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள் ஓடும். எத்தனையோ தடவை அதன் மாடல் பாகங்கள் வரும் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்திருக்கிறார்.

"உங்க வார்த்தையைத் தலைமேல வெச்சுச் செய்றேன்," என்றார். "அடுத்த போட்டியில வெச்சிட்டு, அப்புறம் உங்க கையில குடுத்திடறேன். அது உங்களுது."

நாற்காலியில் காத்திருந்த ஷெவ்கெத் தினசரித்தாளைக் கீழே இறக்கி, "எந்த வருஷத்துப் போட்டி?" என்று கேட்டார்.

ஜூன் மாதத்தில் உஸ்தா டேப் ஒட்டி முடித்தார். அவர் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு வேலை செய்ததில்லை என்று அவரே சொன்னார். அவர் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? ஒரு விளிம்பு தப்பவில்லை. பெயின்ட் அடிக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் மகளின் கல்யாணப் பேச்சு வந்தது.

ஆகஸ்டில் கல்யாணம். அதற்கு முன்னால் பெண் பார்க்க வந்தவர்கள், காப்பி, நிச்சயம், மருதாணி இரவு, மாப்பிள்ளை வீட்டார் கேட்காமலே கேட்ட குளிர்சாதனப்பெட்டி. அதற்குப் பின்னால் கல்யாணக் களைப்பு. இலையுதிர்காலத்தில் சலூன் கூரை ஒழுகியது. டேப் ஒட்டிய கூண்டு சமையலறைப் பால்கனியின் கண்ணாடிக்குப் பின்னால் கோடை முழுக்க வெயிலில் வெந்தது. குளிர்காலத்தில் யாரோ அதை நகர்த்தி அறையைச் சூடாக்கும் வெப்பக் குழாய்க்கு மேல் வைத்தார்கள். யார் என்று விசாரிக்கும் தைரியம் உஸ்தாவுக்கு இல்லை. மெலாஹத்தான் என்று தெரியும்.

மார்ச்சில், போட்டிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஒருவழியாக உள்நிறப் பச்சை அடித்து, வெளியே வெள்ளி நிறம் அடித்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டேப்பை உரிக்க உட்கார்ந்தார். இதுதான் அவருக்கு வருடத்தில் மிகப் பிடித்த நேரம். சமயத்தில் மெலாஹத்தைக்கூடக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வார்.

டேப் வந்தது. பசை வரவில்லை.

ஒவ்வொரு ஜன்னலிலும் தேன் பூசியதுபோல மஞ்சளாக ஒரு படலம். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். தண்ணீரில் நனைத்துப் பார்த்தார். சோப்பு போட்டார். அசையவில்லை. ஃபெரிதூன் உஸ்தா சிந்தித்தார். முப்பது வருடமாக மனிதர்களின் முகத்திலும் பிடரியிலும் ஒட்டிய எல்லாவற்றையும் எடுத்துவிடும் ஒரு பொருள் அவரிடம் இருந்தது. வீட்டுக்கு வரும் விருந்தாளி ஒவ்வொருவர் உள்ளங்கையிலும், இனிப்பு கொடுக்கும் முன் ஊற்றுகிற அதே பொருள். அலமாரியிலிருந்து எலுமிச்சை ஓடிகொலோன் பாட்டிலை எடுத்தார். பஞ்சில் நனைத்தார். முதல் ஜன்னலைத் துடைத்தார்.

பசை வந்துவிட்டது. பளிச்சென்று இருந்தது. உஸ்தா தன் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டே எல்லா ஜன்னல்களையும் தாராளமாகத் துடைத்தார், உள்ளும் புறமும். பிறகு உலரட்டும் என்று வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

திரும்பி வந்து பார்த்தபோது கூண்டு வெளுத்திருந்தது. எலுமிச்சைத் தோலில் இருக்கும் எண்ணெய் அந்த மாதிரிப் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் என்பது உஸ்தாவுக்குத் தெரியாது. பால் கலந்த மாதிரி, பனிக்காலத்தில் வாயால் ஊதிய ஜன்னல் மாதிரி, எல்லா ஜன்னலும் மங்கி, ஓரங்களில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்தன. சட்டங்கள் மட்டும் கத்தி மாதிரி நேராக, வெள்ளி நிறத்தில் ஜொலித்தன. அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

மெலாஹத் அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். கூண்டைப் பார்த்தாள்.

"விமானத்துக்கும் ஓடிகொலோன் குடுத்தியா? இனிப்பு குடுக்கலையா?"

உஸ்தா பாட்டிலுக்கு மூடி போட்டார். அவர் வாதத்துக்கு வராததைப் பார்த்து அவள் கொஞ்சம் பயந்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"புதுசா ஒண்ணு வாங்க முடியாதா?"

"கூண்டு மட்டும் தனியா வராது. பெட்டி இந்த நாட்டுலயே இப்ப கெடையாது."

"கர்னல் கிட்ட சொல்லிடேன்."

"என்னன்னு? முப்பது வருஷமா வர்றவன் போறவன் கழுத்துல கத்தி வெச்சு நான் சொன்னதெல்லாம் என்ன? ஷெவ்கெத் சிரிச்சே செத்துடுவான்."

மெலாஹத் யோசித்தாள். வரவேற்பறைப் பக்கம் கையைக் காட்டினாள். "நிச்சயத்தன்னிக்கு அந்த சோபாவுல செர்ரி ஷர்பத்தைக் கொட்டினாங்களே உன் சம்பந்தி, அதுக்கு என்ன பண்ணோம்? மேல ஒரு விரிப்பைப் போட்டோம். இப்ப வர்றவங்க எல்லாம் விரிப்பு நல்லா இருக்குன்றாங்க."

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். உஸ்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வெட்டவெளியில் நிறுத்தும் விமானங்களின் கூண்டுக்குக் கித்தான் உறை போட்டுக் கட்டுவதை அவர் படங்களில் பார்த்திருக்கிறார். மெல்லிய காகிதக் கைக்குட்டையைப் பிரித்து, ஒரே ஒரு அடுக்கை எடுத்து, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்துக் கூண்டின்மேல் படிய வைத்தார். மடிப்புகள் தானாகவே விழுந்தன. ஈரம் காய்ந்ததும் பாசி நிறமும் காக்கியும் கலந்து அடித்தார். மெலாஹத்தின் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்து இறக்கைக்கு அடியில் கொடுத்துக் கட்டினார். மொத்த வேலையும் இரண்டு மாலைக்குள் முடிந்துவிட்டது. இத்தனை சீக்கிரம் அவர் எதையுமே முடித்ததில்லை. அவமானமாக இருந்தது.

போட்டி நகராட்சிப் பண்பாட்டு மண்டபத்தில் நடந்தது. உஸ்தா தன் விமானத்தை மேஜையின் கடைசியில், தூணுக்குப் பக்கத்தில் வைத்தார். அங்காராவிலிருந்து வந்த நடுவர்கள் ஒவ்வொரு மேஜையாக டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். தலைமை நடுவர் மீசையை மெழுகு போட்டு நிறுத்தியிருந்தார். தூணுக்கருகில் வந்ததும் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. மற்ற இருவரையும் கூப்பிட்டார்.

"பாருங்க, மழையில நனைஞ்சு காய்ஞ்ச துணி மாதிரியே இருக்கு. அந்தத் தொய்வைப் பாருங்க." பிறகு திரும்பி, "இது யாரோடது?" என்றார்.

"ஃபெரிதூன் உஸ்தாவோடது," என்று யாரோ சொன்னார்கள்.

"எந்த ஃபெரிதூன்? கண்ணாடி வேலைக்காரரா?"

"அவரேதான்."

தலைமை நடுவர் மீசையைத் தொட்டுக்கொண்டார். கூட்டத்துக்கு எல்லாம் கேட்கும்படி பேசினார். "நாட்டுலயே கண்ணாடிக் கூண்டுக்குப் பேர்போன மனுஷன். எந்த விமானத்தோட கூண்டு இருக்கறதுலயே கஷ்டமோ அதை எடுத்திருக்காரு. எடுத்து, செஞ்சு, மூடி வெச்சிருக்காரு! நம்மள்ல யாருக்கு இந்த நெஞ்சு வரும்?"

யாருக்கும் வராது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கை தட்டினார்கள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க," என்றார் உஸ்தா. உண்மையாகவே சொன்னார். அந்த அடக்கத்துக்கும் ஒரு தடவை கை தட்டினார்கள்.

முதல் பரிசோடு வெளியே வந்தபோது ஷெவ்கெத் வாசலில் பிடித்துக்கொண்டார்.

"கீழ கண்ணாடி இருக்கா?"

"இருக்கு."

"டேப் ஒட்டி, கையால வெட்டி?"

"கையாலதான்."

"எல்லாச் சட்டத்துக்கும் அடிச்சியா? உள்நெறமும்?"

"எல்லாத்துக்கும். உள்நெறமும்."

ஷெவ்கெத் பரிசை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு தோளைத் தட்டி, "நீ பெரிய ஆளுடா," என்றார். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவர் இப்படிச் சொன்னதே இல்லை. ஃபெரிதூன் சொன்ன பதில்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதை நினைத்து ஆறுதல் பட்டுக்கொள்ளலாம் என்று வீடுவரை முயன்று பார்த்தார்.

அதற்குப் பிறகு விஷயம் அவர் கையில் இல்லை. சலூனுக்கு ஆட்கள் முடி வெட்டிக்கொள்ளாமல் உறையை மட்டும் பார்க்க வந்தார்கள். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது உறைக்கு அடியில் சட்டங்களின் கோடு தெரிகிறது என்றார் ஒருவர். உறை போடுவதற்கு முன்னாலேயே அந்தக் கூண்டைத் தான் பார்த்ததாகத் தபால்காரர் சொல்ல ஆரம்பித்தார். "கண்ணாடி இருக்குன்னே தெரியல. காத்துன்னு நெனச்சு வெரலை விட்டேன், முட்டுது!" உஸ்தா அப்போது வேறு யாருக்கோ கிருதா இறக்கிக்கொண்டிருந்தார். பார்க்காதவர்கள் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து அவருக்கு ஒரு கூண்டு செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அது அவரால் செய்ய முடிந்ததைவிட நன்றாக இருந்தது.

கர்னல் மட்டும் வியாழன் தவறாமல் கேட்டார்.

"என் விமானம் எப்பத் தருவ?"

"பசை இன்னும் இறுகல கர்னல் சார்."

அடுத்த வியாழன், நூல் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அதற்கடுத்த வியாழன், தளத்திலிருந்து அதிகாரிகள் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மே மாதம் ஒரு வியாழன், முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்த கர்னல், கத்தி கிட்டே வரும்போது அதை விரலால் ஒதுக்கினார். அந்த நாற்காலியில் யாரும் அப்படிச் செய்ததில்லை.

"அதை எறக்கு."

"கர்னல் சார்..."

"எறக்குன்னேன். உறையைக் கழட்டு. நான் உக்காந்த எடத்தைப் பாக்கணும். ஏன் தம்பி, உறையைப் பாக்கவா உன்கிட்டக் கேட்டேன்?"

காத்திருந்த இரண்டு பேரும் எழுந்து வந்தார்கள். ஷெவ்கெத் எதிர்ச்சாரியிலிருந்து இதற்காகவே வந்ததுபோல உள்ளே நுழைந்தார். உஸ்தா பலகையிலிருந்து விமானத்தை எடுத்தார். கை நடுங்கவில்லை. தொழில் பழக்கம், அவருக்கே வெறுப்பாக இருந்தது. நூலைக் கத்தியால் அறுத்தார். சவரக் கிண்ணத்து வெந்நீரில் தூரிகையை நனைத்து உறையின்மேல் தடவினார். பசை இளகிக் காகிதம் சுருண்டுகொண்டு வந்தது. ஒரே இழுப்பில் உரித்துவிட்டுப் பின்வாங்கி நின்றுகொண்டார்.

வெள்ளிச் சட்டங்களுக்கு நடுவில், கண்புரை விழுந்த கண் மாதிரி, வெளுத்த கூண்டு.

ஷெவ்கெத் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கர்னல் கையைத் தூக்கினார். நுரை காய்ந்துகொண்டிருந்த முகத்தை விமானத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு முன் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"அட," என்றார். "இதேதான்."

யாருக்கும் புரியவில்லை.

"இஸ்மீர் வெயில்ல வருஷக்கணக்கா நின்னு வெந்த விமானம்டா அது. கண்ணாடி முழுக்க வெளுத்துப் போச்சு. பூரா வெடிப்பு. அது வழியா நான் ஒரு நாளும் எதையும் பாத்ததில்லை. எறங்கும்போது கூண்டைத் தள்ளிட்டுத் தலையை வெளிய நீட்டித்தான் ஓடுபாதையைத் தேடுவேன். பின்னாடியிருந்து வாத்தியார் கத்துவாரு, 'குருட்டுக் கழுதை, எங்கடா போற'ன்னு. அவருக்கும் ஒண்ணும் தெரியாது." கர்னல் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நுரை பட்டுவிட்டது என்றார். உண்மையிலேயே பட்டிருந்தது. "யார்கிட்டடா கேட்டுத் தெரிஞ்சுக்கிட்ட இதை? நான் சொல்லவே இல்லையே?"

"அப்ப அந்த உறை?" என்று கேட்டார் ஷெவ்கெத்.

"உறையா? உறைன்னு ஒண்ணை நான் கண்ணால பாத்ததில்லை. உறை இருந்திருந்தா கண்ணாடி ஏன் வெளுக்குது?"

ஃபெரிதூன் உஸ்தா பலகையை அண்ணாந்து பார்த்தார். முப்பது வருடத்து விமானங்கள். எல்லாக் கூண்டும் பளிங்கு. ஒன்றுகூட வெயிலில் நின்றதில்லை, ஒன்றிலும் யாரும் கண்ணை இடுக்கிக்கொண்டு ஓடுபாதையைத் தேடியதில்லை. அவர் வேண்டுமென்று செய்ததில் ஒன்றும் நிஜமில்லை. அவர் கெடுத்தது மட்டும் அச்சு அசல். அதையும் உறை போட்டு மறைத்து, இல்லாத உறைக்குப் பரிசு வாங்கியிருக்கிறார்.

"கர்னல் சார், இது நான் வேணும்னு பண்ணதில்லை," என்று அவர் அடித்துச் சொன்னார். "பசை ஒட்டிக்கிச்சு. ஓடிகொலோன் போட்டுத் துடைச்சேன். கெட்டுப்போச்சு. அதை மறைக்கத்தான் உறை போட்டேன்."

"எப்படிப் பண்ணேன்னு நான் கேட்டேனா? மிச்சப் பக்கத்தைச் சவரம் பண்ணு. நுரை காயுது."

சவரம் முடிந்ததும் கர்னல் விமானத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கடைத்தெரு வழியாக, வெயிலில், உறையில்லாமல் எடுத்துக்கொண்டு போனார்.

மனசிலிருந்ததைக் கொட்டியாயிற்று, இனி எல்லோரும் சிரித்துத் தீர்த்துவிடுவார்கள் என்று உஸ்தா எதிர்பார்த்தார். ஷெவ்கெத் சிரித்துச் சாவதற்குக்கூட அவர் தயாராக இருந்தார். ஆனால் ஷெவ்கெத் சிரிக்கவில்லை. சந்தேகத்தோடு பார்த்தார்.

"ஓடிகொலோனாம்! சொல்ல இஷ்டமில்லன்னா சொல்லாத. வாய்க்கு வந்ததைச் சொல்லி ஏமாத்தாத."

"அட நெஜம்டா."

"முப்பது வருஷமா கண்ணாடியைத் தவிர எதையும் பேசாத ஆளு. தெரியாம ஓடிகொலோன் போட்டானாம். யார்கிட்ட விடற?"

ஆனாலும் அவர் மருந்துக்கடைக்காரர். கடையில் ஓடிகொலோனுக்குப் பஞ்சமில்லை. அன்று சாயங்காலமே பழைய கூண்டு ஒன்றைத் துடைத்துப் பார்த்தார். காலையில் அது வெளுத்திருந்தது. அடுத்த சங்கக் கூட்டத்தில், "நம்ம உஸ்தாவோட புது முறை" என்று மேஜைமேல் பாட்டிலை வைத்து, எத்தனை தடவை துடைத்தால் எத்தனை வருட வெயில் என்று எல்லோருக்கும் விளக்கினார். உஸ்தா எழுந்து, அது முறை இல்லை, தவறு என்றார். சபை அதை ரசித்தது.

அடுத்த வருடப் போட்டிக்கு ஃபெரிதூன் உஸ்தா ஒரு ஜெட் விமானத்தை எடுத்துப் போனார். பிடிவாதமா, பழக்கமா என்று அவருக்கே தெரியாது. குளிர்காலம் முழுக்க வெட்டிய கூண்டு. ஒவ்வொரு ஜன்னலுக்கும் டேப்பை அன்றைக்கு ஒட்டி அன்றைக்கே உரித்திருந்தார். இப்படி ஒரு கண்ணாடியை அவர் முன்பு செய்ததில்லை. இந்தத் தடவை அது உண்மை. மண்டபத்துக்குள் நுழைந்தபோது மூக்கில் எலுமிச்சை ஏறியது. மேஜைக்கு மேஜை வெளுத்த கூண்டுகள். வெளுக்காதவற்றுக்குக் கித்தான் உறை. சிலது வெளுத்தும் இருந்தது, உறையும் போட்டிருந்தது. உறை பாதி விலகியிருக்கும்.

மெழுகு மீசை நடுவர் உஸ்தாவின் விமானத்துக்கு முன்னால் நின்றார். மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

"வேலை சுத்தம் உஸ்தா, அதுல சந்தேகமே இல்லை. ஆனா கண்ணாடி கொஞ்சம் ரொம்பப் புதுசா இருக்கே. வெயில்ல நின்ன மாதிரி இல்லையே. உங்ககிட்டயிருந்து நாங்க நெஜத்தை எதிர்பாத்துட்டோம்."

முதல் பரிசு ஷெவ்கெத்துக்கு. வெட்டி வந்த டேப் துண்டு, கடையில் விற்கும் ஓடிகொலோன். மேடையில் ஏறி, எல்லாம் ஃபெரிதூன் போட்ட பிச்சை என்று நெகிழ்ந்து பேசினார்.

வீட்டில் மெலாஹத் கறி அடைத்த சிபொரெக் பொரித்து வைத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்தே விஷயம் தெரிந்துவிட்டது. சூடாக இரண்டைத் தட்டில் போட்டாள்.

"என்ன கொடுத்தாங்க?"

"அறிவுரை."

"தின்னு. ஆறினா நல்லா இருக்காது."

தின்றார். நன்றாக இருந்தது. மூன்றாவதைக் கேட்டு வாங்கித் தின்றார்.

அதற்குப் பிறகு அவர் போட்டிகளுக்கு எதுவும் கொண்டுபோகவில்லை. ஆனால் போட்டிகள் அவரை விடவில்லை. அங்காராவிலும் இஸ்மீரிலும் அவருக்கு "உறை உஸ்தா" என்று பெயர். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை பஸ் டிக்கெட் அனுப்பி அழைக்கிறார்கள். அவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு, கத்தி படாத வெறுங்கழுத்தோடு எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்து, காகிதத்தை எப்படி அடுக்கு பிரிப்பது, பசையில் எவ்வளவு தண்ணீர், மடிப்பு எங்கே விழ வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார். நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார். வீட்டுக்கு வந்ததும் பால்கனியில் உட்கார்ந்து யாருக்கும் காட்டப் போகாத ஏதாவது ஒரு கூண்டுக்கு டேப் வெட்டுகிறார்.

போன இலையுதிர்காலத்தில் இஸ்மீரில் ஒரு பெண் கை தூக்கினாள். பல் மருத்துவம் படிப்பவள், முதல் வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

"உஸ்தா, ஒரு சந்தேகம். உறை போடத்தான் போறோம்னா, கீழ இருக்கற கண்ணாடிக்கு டேப் ஒட்டி, சட்டத்துக்கெல்லாம் பெயின்ட் அடிக்கணுமா?"

"அடிக்கணும்," என்றார் உஸ்தா உடனே.

"ஏன்?"

எல்லோரும் பேனாவை எடுத்துக்கொண்டார்கள். உஸ்தா யோசித்தார். மறுபடியும் யோசித்தார். நல்லவேளை, அந்த நேரம் பார்த்துத் தேநீர்த் தட்டு உள்ளே வந்தது.